முழங்காலில் ஒரு பாக்கெட்!

அந்தக் கோட்டு இன்னும் தைக்கப்படவே இல்லை.

ஆனால் அதைப் போட்டுக்கொண்டு ஒருத்தி மாடிப்படி திருப்பத்தில் விழுந்து கிடந்தாள்!

"ஐயோ...!"

அலறியவள் டிசைனர். தெருவில் அவளுக்குப் பெயர் கோட்டக்கா. பெண்கள் கடைக்குப் போய், ஹேங்கரிலிருந்து எடுத்து, அப்படியே மாட்டிக்கொண்டு வருகிற ரெடிமேட் கோட்டுகளை வரைவது அவள் தொழில். இரண்டாவது மாடியில் ஒரு அறை, ஒரு கட்டிங் டேபிள், தலையில்லாத ஒரு துணி பொம்மை, நாலு மிஷின். இதுதான் அவள் சாம்ராஜ்யம்.

கோட்டக்கா முதலில் பார்த்தது முகத்தை அல்ல. காலரை!

தோளில் சரிந்து விழும் அகலக் காலர். சாய்வாக வெட்டிய பாக்கெட். இடுப்பில் ஒற்றை மடிப்பு. எல்லாம் அவள் போட்ட கோடு. போன வாரம் வரைந்து முடித்த படம். துணியில் இன்னும் கத்திரிக்கோல் கூட வைக்கவில்லை.

காகிதத்தில் இருந்த கோட்டு எப்படி எழுந்து வந்து படியில் விழுந்தது?

குனிந்தாள். கழுத்துப் பட்டையைத் திருப்பினாள்.

அவளுடைய லேபிள்!

அப்புறம்தான் முகத்தைப் பார்த்தாள். இதயம் ஒரு படி இறங்கி நின்றது.

"பட்டன்...! ஏய் பட்டன், கண்ணைத் தொறடீ!"

கீழ்த்தளத்தில் பட்டன் கடை வைத்திருக்கிறவள். குள்ளமாக, குண்டாக, நாள் முழுக்கச் சிரித்துக்கொண்டே இருப்பாள். கோட்டக்காவுக்கு உயிர்த்தோழி. ஒரே டப்பாவில் சாப்பிடுகிற அளவுக்குத் தோழி.

மூச்சு இருந்தது. பேச்சு இல்லை.

வலது கை மட்டும் எதையோ இறுக்கிப் பிடித்திருந்தது...

*

நடுக்கும் காலைக் குளிரில் ஆம்புலன்ஸ் வந்து பட்டனைத் தூக்கிக்கொண்டு போனது. கோட்டைக் கழற்றி வைத்துவிட்டுப் போனார்கள்.

பின்னாலேயே ஜீப் வந்தது. இறங்கியது ஒரு பெண் இன்ஸ்பெக்டர். பார்வையிலேயே பாதி வாக்குமூலம் வாங்கிவிடுகிற ரகம். கோட்டக்காவின் அறைக்குள் வந்து, அந்தக் கோட்டைத் துணி பொம்மைக்கு மாட்டிவிட்டு, ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"இது யார் டிசைன்?"

"என்னுது மேடம்."

"யார் தச்சது?"

"தெரியாது மேடம். நான் தைக்கவே இல்ல!"

"உங்க டிசைன், உங்க லேபிள். ஆனா நீங்க தைக்கல. நல்லா இருக்கே! படியில ரெண்டு பொம்பளைங்க சண்டை போட்ட சத்தம் கேட்டிருக்கு. 'திருடி, கழட்டுடி கோட்டை'ன்னு ஒரே கூச்சல். உங்களுக்குக் கேக்கலையா?"

"இல்ல மேடம். ஹேர் டிரையர் ஓடிட்டு இருந்துச்சு."

இன்ஸ்பெக்டர் அவளுடைய எண்ணெய் வைத்து வாரிய கொண்டையைப் பார்த்தாள்.

"தலைக்குக் குளிச்ச மாதிரி தெரியலையே?"

"தலைக்கு இல்ல மேடம்... படத்துக்கு! கலர் காயலைன்னா இழுவிக்கும். அதான் டிரையர் காட்டுவேன்."

"அடடா! படத்துக்கெல்லாம் பியூட்டி பார்லரா!"

வாசலில் ஒரு செருமல்.

மூன்றாவது மாடி பாட்டு டீச்சர். நெடுநெடுவென்று வளர்ந்தவள். நிலைப்படிக்குக் குனிந்துதான் உள்ளே வருவாள். சேலைத் தலைப்பைத் தோளைச் சுற்றி இழுத்துப் போர்த்தியிருந்தாள்.

"நான் கேட்டேன் மேடம். மாடியில இருந்து நல்லாவே கேட்டுச்சு. ஒண்ணு பட்டனோட குரல். இன்னொண்ணு..." கோட்டக்காவைக் கண்ணால் காட்டினாள். "இவங்களோடது."

"நிச்சயமா?"

"நாள் பூரா ஸ்ருதியில வாழ்றவ மேடம் நான். என் காது தப்பாது."

கோட்டக்கா டீச்சரின் முன்னால் போய் நின்றாள்.

"டீச்சர்! என்ன சொல்றீங்க? அப்போ நான் கதவையே தொறக்கல!"

"எனக்கு உங்ககூட என்னம்மா விரோதம்? கேட்டதைச் சொன்னேன்."

இன்ஸ்பெக்டர் சட்டைப் பையிலிருந்து ஒரு சின்ன பிளாஸ்டிக் உறையை எடுத்தாள். உள்ளே ஒரு பட்டன். கருநீலம், நடுவில் பித்தளைப் பொட்டு.

"அந்தம்மா கைக்குள்ள இருந்துச்சு. இப்போ கதையை நானே சொல்லட்டுமா? உங்க டிசைனை உங்க ஃப்ரெண்டு திருடி, கோட்டு தச்சுப் போட்டுட்டு வர்றாங்க. படியில நீங்க பாக்கறீங்க. ஆத்திரம். ஒரு தள்ளு. விழும்போது அவங்க தன் கோட்டையே புடிச்சு இழுத்துப் பட்டனைப் பிச்சிட்டாங்க. சரியா?"

"மேடம், சாயங்காலம் கம்பெனிக்காரங்க என் கோட்டுங்களைப் பாக்க வர்றாங்க. இந்த வருஷ குளிர் சீசனே அவங்க தலையாட்டுறதுலதான் இருக்கு. நான் போய் இன்னிக்கு ஒருத்தியைத் தள்ளி விடுவேனா?"

"தள்ளி விடறவங்க யாரும் காலண்டர் பாத்துத் தள்றதில்ல. அந்தம்மா கண் முழிச்சா சரி. முழிக்கலைன்னா... சாயங்காலம் கம்பெனிக்காரங்க உங்களை ஸ்டேஷன்லதான் வந்து பாக்கணும்!"

அப்போதுதான் பிளாஸ்க்கோடு உள்ளே வந்தார் அவர்.

கோட்டக்காவின் வீட்டுக்காரர். தெருவே அவரைத் 'தங்கம்' என்றுதான் சொல்லும். மனைவி விடிகாலையில் வீட்டில் உட்கார்ந்து வரைவாள். முடித்த படங்களை ஃபைலில் வைத்து, குழந்தையைத் தூக்குவது மாதிரி தூக்கிக்கொண்டு, அவள் வந்து சற்று நேரம் கழித்து வந்து சேர்வார். "அந்த மனுஷனைப் பாருங்க, கத்துக்கோங்க!" என்று அந்தத் தெருவில் திட்டு வாங்காத புருஷனே கிடையாது.

"என்னம்மா இது அநியாயம்? இந்தா, முதல்ல டீயைக் குடி." கப்பில் ஊற்றி நீட்டினார். இன்ஸ்பெக்டருக்கும் ஒரு கப். "மேடம், இது வேற யாரு வேலையும் இல்ல. கட்டிங் மாஸ்டர்! நேத்துதான் அந்தாளை நிறுத்தினோம்."

"எதுக்கு?"

"லேபிள் காணாமப் போச்சு மேடம். நான்தான் கண்டுபிடிச்சேன். அப்பவே சொன்னேன், இன்னிக்கு லேபிளு, நாளைக்கு டிசைனுன்னு. இவ நம்பவே மாட்டேன்னா. பழைய ஆளு, பாவம், பசின்னு ஒரே புலம்பல்."

உண்மைதான். மாஸ்டர் போகும்போது ஒரு வார்த்தை பேசவில்லை. கழுத்தில் கிடந்த இன்ச் டேப்பை எடுத்து, சுருட்டி, மேஜை மேல் வைத்துவிட்டு இறங்கிப் போனார். இன்னும் அங்கேயேதான் கிடந்தது அந்தச் சுருள்.

கோட்டக்கா டீயைக் குடிக்கவில்லை. கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஏதோ ஒன்று உதைத்தது.

"மேடம்... இதை நான் ஒரு தடவை போட்டுப் பாக்கலாமா?"

"என்ன, சைஸ் சரியா இருந்தா வாங்கிக்கப் போறீங்களா?"

"ஒரே ஒரு நிமிஷம்."

இன்ஸ்பெக்டர் தலையசைத்தாள்.

மாட்டினாள். கோட்டு தரையைப் பெருக்கியது. ஒரு அடி எடுத்து வைத்தாள்... விளிம்பு காலுக்கடியில் சிக்க, தடுமாறி மேஜையைப் பிடித்துக்கொண்டாள். கையைப் பாக்கெட்டுக்குள் விடப் பார்த்தாள்.

கை எட்டவில்லை!

குனிந்தாள். இன்னும் குனிந்தாள். முழங்காலுக்குப் பக்கத்தில் இருந்தது பாக்கெட் வாய்.

இன்ஸ்பெக்டருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"இதென்னம்மா, முட்டிக்குக் குளிருமுன்னு வச்சீங்களா?"

கோட்டக்கா சிரிக்கவில்லை.

"மேடம், மாஸ்டர் திருடல."

"எப்படிச் சொல்றீங்க?"

அவள் சுவரில் குத்தியிருந்த ஒரு படத்தைக் காட்டினாள். அதில் ஒரு பெண் கோட்டோடு நின்றாள். தலை சின்னது. கால் மட்டும் கொக்குக் கால்.

"இப்படி ஒரு பொம்பளையை நீங்க எங்கயாவது பாத்திருக்கீங்களா? நாங்க வரையும்போது காலை இழுத்துத்தான் வரைவோம். அப்பதான் கோட்டு எடுப்பாத் தெரியும். அதைப் பாத்து, மனுஷ உடம்புக்குச் சுருக்கி, நீளம் எங்க நிக்கணும், பாக்கெட் எங்க உக்காரணும்னு வெட்டறதுதான் மாஸ்டர் வேலை. அவரா இருந்தா, தன் கையை வெட்டிக்குவாரே தவிர பாக்கெட்டை இங்க வெட்ட மாட்டார். இதைத் தச்சவன் ரவிக்கை, பாவாடை தைக்கிறவன் மேடம். படத்துல இருக்கிறது இருக்கிற மாதிரியே அளவெடுத்துத் தச்சிருக்கான். அவன்கிட்ட இருந்தது படம் மட்டும்தான்."

"சரி. அந்தப் படம் யார் யார் கையில இருந்துச்சு?"

"மாஸ்டர் இன்னும் பாக்கவே இல்ல. வரைஞ்சது நான். ஃபைல்ல இருந்து இங்க எடுத்தது நான். நடுவுல..."

வாக்கியம் அங்கேயே நின்றது.

நடுவில் ஒரே ஒரு ஆள்தான்.

கோட்டக்கா மெல்லத் திரும்பினாள். பிளாஸ்க் மூடியைத் திருகிக்கொண்டிருந்த கை, திருகிக்கொண்டே இருந்தது. மூடி எப்போதோ இறுகிவிட்டது.

"ஏங்க...?"

"என்னம்மா?"

"வீட்டுல இருந்து இங்க வர்றதுக்குள்ள படத்தை எங்க எடுத்துட்டுப் போனீங்க?"

"நானா? பைத்தியமா உனக்கு? நான் போய்..."

"என் கண்ணைப் பாத்துச் சொல்லுங்க."

கண் வரவில்லை. வியர்வைதான் வந்தது. அந்தக் குளிரிலும்!

இன்ஸ்பெக்டர் டீக் கப்பை மேஜையில் வைத்தாள். 'ணங்' என்று ஒரு சத்தம்.

"சார், டீ பிரமாதம். அதனால மரியாதையா ஒரு தடவை கேக்கறேன். ரெண்டாவது தடவை மரியாதை இருக்காது. பட்டனுக்கும் உங்களுக்கும் என்ன?"

தங்கம் உருகிவிட்டது.

"மேடம்... அது... சும்மா பழக்கம்தான் மேடம். ஆசைப்பட்டுக் கேட்டா. ஒரே ஒரு கோட்டு! மார்க்கெட்ல ஒரு டெய்லர்கிட்டக் குடுத்துத் தச்சேன். ஒரே ஒரு கோட்டு மேடம்!"

கோட்டக்கா கட்டிங் டேபிளைப் பிடித்துக்கொண்டாள்.

ஒரே டப்பா. ஒரே ஸ்பூன். நேற்று மத்தியானம்கூட, "உன் வீட்டுக்காரர் மாதிரி ஒருத்தர் கிடைக்கக் குடுத்து வச்சிருக்கணும்டீ" என்று சொல்லிக்கொண்டே இவளுடைய டப்பாவைக் காலி செய்தாளே அந்தப் பட்டன்!

குடுத்துத்தான் வைத்திருக்கிறார்.

"லேபிளும் நீங்கதானா?"

தங்கம் பிளாஸ்க்கைப் பார்த்துத் தலையாட்டினார்.

"மாஸ்டர் தலையில போட்டீங்களே... நானும் நம்பி அந்த மனுஷனை அனுப்பினேனே..."

"உன்னை விட்டுடுவேனாம்மா? இது வந்து..."

"பேசாதே!"

'ஏங்க' காணாமல் போயிருந்தது. 'நீங்க'வும் கூடவே போய்விட்டது.

அழுவாள் என்று எதிர்பார்த்த இன்ஸ்பெக்டர் கைக்குட்டையை எடுத்தாள். கோட்டக்கா வாங்கவில்லை. அவள் கண் மறுபடி கோட்டின் மேல் இருந்தது. கழுத்திலிருந்து கீழே, ஒவ்வொன்றாக விரலால் தொட்டுக்கொண்டே வந்தாள். நிமிர்ந்தாள்.

"மேடம், அந்தப் பட்டனைக் காட்டுங்க."

உறையை வாங்கிக் கோட்டோடு ஒட்டி வைத்துப் பார்த்தாள். அதே கருநீலம். அதே பித்தளைப் பொட்டு.

"இழுத்துப் பிச்சதுன்னு சொன்னீங்க. எதுல இருந்து பிச்சாங்க?"

"இந்தக் கோட்டுல இருந்துதான்."

"எண்ணிப் பாருங்க. இதுல எல்லாப் பட்டனும் இருக்கு!"

இன்ஸ்பெக்டர் ஸ்டூலிலிருந்து எழுந்தே விட்டாள்.

"அப்படின்னா...?"

"இன்னொரு கோட்டு இருக்கு மேடம். அதைப் போட்டிருந்தவகிட்டதான் பட்டன் சண்டை போட்டிருக்கா."

அறையில் மிஷின் எதுவும் ஓடவில்லை. ஒரே ஒரு சத்தம்தான் கேட்டது.

பல் தந்தியடிக்கிற சத்தம்!

எல்லாரும் திரும்பினார்கள். பாட்டு டீச்சர் சேலைத் தலைப்பை இன்னும் இறுக்கிக்கொண்டாள்.

"டீச்சர்," என்றாள் கோட்டக்கா மெதுவாக. "தொண்டை கட்டிக்கும்னு ஃபேன் கூடப் போட மாட்டீங்க நீங்க. இந்தக் குளிர்ல வெறும் சேலையோட நிக்கறீங்களே... உங்க கோட்டு எங்க?"

"துவைக்கப் போட்டிருக்கேன்..."

"மேடம், மேல ஆளை அனுப்புங்க."

வாசலில் நின்ற பெண் கான்ஸ்டபிள் ஓடினாள். திரும்பி வந்தபோது அவள் கையில் ஒரு கோட்டு. அகலக் காலர். சாய்ந்த பாக்கெட். இடுப்பில் ஒற்றை மடிப்பு. மார்புக்கு நேராக, பட்டன் இருக்க வேண்டிய இடத்தில் கிழிந்த நூல்!

"போட்டுக் காட்டுங்க," என்றாள் இன்ஸ்பெக்டர்.

போட்டாள். அம்சமாக இருந்தது! கோட்டக்கா வரைந்த கொக்குக்கால் பொம்பளை காகிதத்திலிருந்து எழுந்து வந்து நின்ற மாதிரி. உலகத்திலேயே அந்தக் கோட்டு பொருந்துகிற ஒரே உடம்பு.

டீச்சரின் ஸ்ருதி கலைந்தது.

"நான் தள்ளல மேடம், சத்தியமா தள்ளல! நான் இறங்கறேன், அவ ஏறி வர்றா. ரெண்டு பேரும் ஒரே கோட்டு! 'யாரு குடுத்தா'ன்னு கேட்டா. நானும் கேட்டேன். ரெண்டு பேரும் ஒரே ஆளைச் சொன்னோம். 'திருடி, கழட்டுடி'ன்னு என் கோட்டைப் புடிச்சு இழுத்தா. பட்டன் பிஞ்சு கையோட போச்சு. பின்னால சாஞ்சவ தன் கோட்டையே மிதிச்சு... உருண்டுட்டா."

"அப்புறம் ஏன் இவங்க குரல்னு சொன்னீங்க?"

"பயம் மேடம்..."

"உங்க பயத்துக்கு இவங்க கம்பி எண்ணணுமா?"

டீச்சர் தங்கத்தின் பக்கம் திரும்பினாள். இப்போது குரல் உச்சஸ்தாயி.

"எனக்காகவே உக்காந்து டிசைன் பண்ணதா சொன்னீங்களே! 'வரையறதெல்லாம் நான்தான், பேரை மட்டும் அவ போட்டுக்குவா, அவளுக்கு ஒரு கோடு நேராப் போட வராது'ன்னு சொன்னீங்களே!"

கோட்டக்கா அசையாமல் நின்றாள்.

புருஷன் போனது வலித்தது. தோழி போனது அதைவிட வலித்தது. ஆனால் இது வேறு இடம். விடியுமுன் எழுந்து, விரல் மரத்துப்போக, ரப்பரும் பென்சிலுமாக அவள் பெற்றெடுத்த ஒவ்வொரு கோடும்... அவளுக்கு வராதாம்!

அந்த ஃபைலைக் குழந்தை மாதிரி தூக்கிக்கொண்டு வந்தது, குழந்தைக்குத் தன் பெயரை வைக்கத்தானா?

"மேடம்," என்றாள். "ஒரு சின்ன உதவி."

ஒரு வெள்ளைத் தாளையும் பென்சிலையும் எடுத்து அவர் முன்னால் வைத்தாள்.

"வரை."

"ஏம்மா, எல்லார் முன்னாடியும்..."

"வரைங்க சார்," என்றாள் இன்ஸ்பெக்டர். "எனக்கும் ஒரு கோட்டு தேவைப்படுது."

வரைந்தார். நாக்கைக் கடித்துக்கொண்டு, தாள் கிழிய வரைந்தார். இன்ஸ்பெக்டர் தாளைத் தூக்கி இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தாள்.

"இதுல கை எது? இல்ல, இது தலையணை உறையா?"

டீச்சர் அந்தப் படத்தைப் பார்த்தாள். தன் உடம்பில் இருந்த கோட்டைப் பார்த்தாள். மீதிப் பட்டன்களைத் தானாகவே கழற்ற ஆரம்பித்தாள்.

கோட்டக்கா போனை எடுத்தாள்.

"மாஸ்டர்... நான்தான். தப்பு என் மேலதான். இந்த ஆள் பேச்சைக் கேட்டு உங்களை... மன்னிச்சிடுங்க மாஸ்டர். சாயங்காலம் கம்பெனிக்காரங்க வர்றாங்க. நீங்க இல்லாம..."

அந்தப் பக்கம் ஒரு உறுமல்.

"தெருவே பேசுதும்மா, கேள்விப்பட்டேன். படத்தைப் பாத்தே எவனோ தச்சானாமே, பாக்கெட்டை எங்க வச்சிருக்கான்?"

"முழங்கால்ல மாஸ்டர்."

"முழங்கால்லயா! அந்த டெய்லர் யாருன்னு கேட்டு வைங்க. உதைச்சிட்டு நேரா அங்க வர்றேன். என் டேப்பை யாரும் தொடக் கூடாது!"

அவள் உதட்டில் ஒரு சிரிப்பு எட்டிப் பார்த்துவிட்டு ஓடியது.

இப்போது இன்ஸ்பெக்டரின் போன் அடித்தது. ஆஸ்பத்திரி. கேட்டாள். புருவம் ஏறியது. இன்னும் ஏறியது. வைத்தாள்.

"அந்தம்மா கண் முழிச்சாச்சு. தன் கோட்டைத் தானே மிதிச்சு விழுந்ததா சொல்லிட்டாங்க. நீங்க ரெண்டு பேரும் தப்பிச்சீங்க. ஆனா இன்னொரு விஷயம் சொல்லியிருக்காங்க." தங்கத்தின் பக்கம் நிதானமாகத் திரும்பினாள். "பட்டன் எல்லாம் அவங்க கடையில இருந்துதான் நீங்க வாங்கினீங்களாமே? 'துணிக்கு எது பொருந்தும்னு பாக்கணும்'னு மூணு செட்டு வாங்கிட்டுப் போனீங்களாம்!"

மூன்று!

"கோட்டு ரெண்டுதான் இருக்கு. மூணாவது எங்க சார்? யாரந்த மகராசி?"

தங்கத்தின் முகம் பித்தளையாகி, பித்தளை ஈயமாகியது.

"சொல்லித் தொலைங்க!"

"வீட்டுல... கட்டிலுக்கு அடியில மேடம்." மனைவியைப் பார்த்தார். கண்ணில் நிஜமாகவே தண்ணீர். "அது உனக்குத்தாம்மா! கல்யாண நாளைக்குக் குடுக்கலாம்னு வச்சிருந்தேன். சத்தியமா உனக்குத்தான்!"

கான்ஸ்டபிள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

கோட்டக்கா அவரை மேலிருந்து கீழ் வரை பார்த்தாள். அளவெடுக்கிற மாதிரி.

"என் டிசைனு. என் லேபிளு. அதைத் திருடித் தச்சு, மிச்சம் விழுந்ததை எனக்கே பரிசு!"

"ரெடிமேட் வியாபாரம் பண்ற வீடு இல்லையா," என்றாள் இன்ஸ்பெக்டர் தொப்பியை மாட்டிக்கொண்டே. "ஸ்மால், மீடியம், லார்ஜ் எல்லாத்துக்கும் சரக்கு வச்சிருக்கார். எழுந்திருங்க சார். லேபிள் திருட்டுல ஆரம்பிச்சு நிறைய பேச வேண்டியிருக்கு. கான்ஸ்டபிள், அந்த மூணாவது கோட்டையும் எடுத்துட்டு வா."

"மேடம், அதை எனக்குக் கொண்டு வர வேணாம்," என்றாள் கோட்டக்கா, மாஸ்டரின் இன்ச் டேப்பை எடுத்து நீவிக்கொண்டே. "அவருக்கே மாட்டி விட்டுடுங்க. லாக்கப்புல குளிரும்."

"பாக்கெட் எட்டாதேம்மா?"

"எட்டலைன்னா என்ன மேடம்... கையிலதான் விலங்கு இருக்கப் போகுதே!"